ராஜகனி அக்கா பீரோவில் என் போன்

ஆகஸ்ட் 14, வியாழன்

இந்த டைரியை மருந்துக்கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்தார். இத்தனை மாதமாகத் தையல் மிஷினின் ஆடுகிற காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டு உருப்படியாக இருந்தது. அதை உருவி எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன் என்றால் என் கையில் போன் இல்லை என்று அர்த்தம்.

போன் எங்கே போனது என்பது ஒரு கேவலமான கதை. கோவில்பட்டியில் செண்பகம் டெய்லர் என்றால் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியதில் பெரும் பங்கு என்னுடையதுதான் என்றாலும் உண்டு. அப்பேர்ப்பட்ட நான் இன்று ராஜகனி அக்கா மகள் பிரதீபாவின் முகூர்த்தப் பட்டு ஜாக்கெட்டில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன்.

பார்டர் வைத்த துணியில் கையை ஒவ்வொன்றாகத்தான் வெட்ட வேண்டும். கையின் முன்பக்கம் குழிவாக வரும், பின்பக்கம் அவ்வளவு வராது. அதனால் முதல் கையை வெட்டியதும் அளவுத் தாளைத் திருப்பிப் போட்டு இரண்டாவதை வெட்ட வேண்டும். தையல் பழக வரும் பெண்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுப்பேன், முகத்தில் கொஞ்சம் கர்வத்தோடு. இன்று முதல் கைக்கும் இரண்டாம் கைக்கும் நடுவில் போன் டிங் என்றது. எடுத்தது எதற்கோ, பார்த்தது வேறு எதையோ. வைத்துவிட்டு வந்து தாளைத் திருப்பாமல் வெட்டினேன். பிரதீபாவுக்குக் கடவுள் இரண்டு இடது கை கொடுத்திருந்தால் பிரமாதமாகப் பொருந்தியிருக்கும்.

ராஜகனி அக்கா தீப்பெட்டி ஆபீஸ்காரர் வீட்டம்மா. அந்தத் தொழிற்சாலையையும் பாதி அவள்தான் நடத்துகிறாள். நேரம் பார்த்து அத்தைமார் ஜாக்கெட் துணிகளை எடுத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தாள். கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். இரண்டும் அழகாக ஒட்டி நின்றன. என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டாள். முருங்கைக்கீரை சாம்பார் வீடியோ என்றேன்.

வழி இருக்கிறதா என்று கேட்டாள். சேலையில் இடுப்பில் சொருகும் பக்கத்திலிருந்து ஒரு கைக்கு மட்டும் வெட்டி எடுக்கலாம், அங்கேயும் இதே பார்டர்தான், உள்ளே போய்விடுவதால் யாருக்கும் தெரியாது என்றேன். முகூர்த்தச் சேலையில் கத்தரி வைக்கச் சொல்கிறாயா என்பது போலப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்து நீட்டினாள்.

"சேலைய நான் தாரேன். போன நீ போடு. கல்யாணம் முடிஞ்சு வந்து வாங்கிக்கோ. முடியாதுன்னா சொல்லிரு, எல்லாத் துணியையும் வேற ஆளுட்ட குடுத்திருதேன். ஏன் குடுத்தேன்னு ஊருல கேப்பாவ, அதையும் சொல்லிருதேன்."

போட்டேன். ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நாட்டுக்குச் சுதந்திரம். எனக்கும்தான், போனைப் பறித்துக் கொடுத்தார்கள். காலையிலிருந்து கை சும்மா சும்மா மிஷின் பலகையின் மூலைக்குப் போய் ஒன்றுமில்லாத இடத்தைத் தடவிவிட்டு வருகிறது. ஒரு தடவை சாக்பீஸ் டப்பாவைக் காதில் வைக்கப் போனேன்.

ஆகஸ்ட் 16, சனி

பால் பொங்கவில்லை. பக்கத்தில் நின்று பாலையே பார்த்துக்கொண்டிருந்தால் அது பொங்குவதற்கு முன்னால் அடுப்பை அணைக்கலாம் என்பதை இன்று கண்டுபிடித்தேன்.

என்னுடைய காலை வணக்கம் கிடைக்காமல் உலகம் தத்தளிக்கும் என்று நினைத்திருந்தேன். தெருக் குரூப், கோவில் குரூப், டெய்லர் சங்கக் குரூப், என் வீட்டுக்காரர் வழிச் சொந்தக்காரர்கள் குரூப் எல்லாவற்றுக்கும் தினமும் தாமரைப்பூ அனுப்புகிறவள் நான். இன்று தெருக் குரூப்பின் அட்மினையே கடைவாசலில் பார்த்தேன். நான் இரண்டு நாளாக அதில் இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சரி, டைரியிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அது சாம்பார் வீடியோ இல்லை. கோயம்புத்தூரில் ஒருத்தி இருக்கிறாள், தினமும் ஸ்டேட்டஸ் போடுகிறவள். மொட்டைமாடித் தக்காளிச் செடி, ஆபீஸ் போகும் பஸ், புதுக் குக்கர், தானே எடுத்துக்கொண்ட போட்டோ. நான் சும்மா பார்ப்பேன். பார்ப்பதற்குத்தானே போடுகிறார்கள். பெயர் வினோதினி. என் மகள்.

போன வருஷம் மாசி மாதம், கூட வேலை பார்க்கும் பையனை ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு போனாள். "உன் இஷ்டத்துக்குப் போற, உன் இஷ்டத்துக்கு இரு" என்று சொன்னேன். அதன் பிறகு பேச்சு இல்லை. அவள் பேசவில்லை, நான் பேசவில்லை. சொந்தக்காரர்களையும் பேசவேண்டாம் என்று சொல்லி வைத்தேன், எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தால் போதும், அவர்கள் யாருடனும் பேசாமல் இருக்க ரொம்ப ஆர்வமாக இருப்பார்கள். ஸ்டேட்டஸ் பார்ப்பது பேச்சில் சேராது.

ஆகஸ்ட் 18, திங்கள்

போன் இல்லாத டெய்லரிடமும் ஜனங்கள் போனோடுதான் வருகிறார்கள். இன்று வந்த பாங்க்கார அம்மா தன் போனில் ஒரு நடிகையின் முதுகைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றாள். ஜாக்கெட்டைத் தைத்துவிடலாம், முதுகுக்கு நான் எங்கே போவது? இந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றாள். அனுப்ப முடியாது, வாயால் சொல்லுங்கள் என்றேன். அவ்வளவுதான், திகைத்துவிட்டாள். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம் என்று ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில், "நீங்களே பாத்துச் செய்ங்க" என்றாள்.

என்னைச் சொல்ல வேண்டும். நான் மட்டும் என்ன வாழ்ந்தது. போன மாதம் போன் காட்டியது என்று ஒரு பூண்டு உரிக்கும் கருவி வாங்கினேன். அது பூண்டை உரிப்பதைத் தவிர எல்லாம் செய்கிறது. அதை வாங்கலாம் என்று எப்போது முடிவு செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நான் முடிவே செய்யவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தக்காளி காய்த்திருக்கும். காய்த்தால் எனக்கென்ன.

ஆகஸ்ட் 20, புதன்

பிரதீபா தனியாக வந்தாள். அம்மாவுக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். முதுகுக் கழுத்து எப்படி வைப்பது என்று அவர்கள் குடும்பக் குரூப்பில் ஓட்டெடுப்பு நடக்கிறதாம். துபாய் சித்தப்பா பானைக் கழுத்துக்கு, சென்னை அத்தை பின்னால் முடிச்சும் குஞ்சமும் வைப்பதற்கு, மாப்பிள்ளை வீட்டில் ஜன்னல் மாதிரி ஓட்டை வைப்பதற்கு. கட்சிகள் பிரிந்துவிட்டன. பெண் மட்டும் ஓட்டுப் போடவில்லை. தன் போனில் சேர்த்து வைத்திருந்த படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டே இருந்தாள், முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

போனை என்னிடம் கொடு என்று வாங்கி ஊசி டப்பாவுக்குக் கீழே கவிழ்த்து வைத்தேன். எனக்கு இப்போது இந்த விஷயத்தில் ஆறு நாள் அனுபவம் இருக்கிறதே, அந்தத் திமிர்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல், அன்றைக்கு நீ எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். கண்ணை மூடினாள். கை மட்டும் போனைத் தேடிப் போனது. அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும்.

"மூச்சு விடணும் அத்தை," என்றாள் கடைசியில். "மேடைல எல்லாம் முடிஞ்சதும் பந்தில உக்காந்து எல எடுக்குற வரைக்கும் சாப்பிடணும். எங்கக்கா கல்யாணத்துல அவ ஜாக்கெட் டைட்டுன்னு பால் மட்டும்தான் குடிச்சா. கழுத்து சும்மா வட்டமா இருந்தாப் போதும்."

அளவைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், தளர்த்திக் குறித்துக்கொண்டேன். துபாய் சித்தப்பா என்ன சொல்வார் என்று கேட்டேன். அவர் அந்த ஜாக்கெட்டைப் போடப் போவதில்லையே என்றாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

அவள் போன பிறகு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னொருத்தி வீட்டுப் பெண்ணிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது. வெயில் ரொம்ப அடித்தது, அதனால் அசதி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முகூர்த்த ஜாக்கெட் முடிந்தது. சேலையின் சொருகும் பக்கத்தில் வெட்டி எடுத்து வலது கையை வைத்தேன். பார்டரில் மாங்காய் மாங்காயோடு சரியாக உட்கார்ந்தது. எப்போதும் இரண்டு நாள் இழுக்கும் வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. நடுவில் யாரும் டிங் என்று கூப்பிட்டு உலகத்தில் எங்கோ ஒரு பூனை கீழே விழுந்ததைக் காட்டவில்லை. மிஷினுக்கு ஒரு சத்தம் இருக்கிறது, அது சீராக ஓடும்போது மனசுக்கு இதமாக இருக்கிறது. இவ்வளவு நாள் அதை மறந்தே போயிருந்தேன். ஒரு கட்டத்தில் நான் எதையும் யோசிக்காமல் தையலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், சந்தோஷமாக இருந்தது. ராஜகனி அக்காவிடம் இதைச் சொல்லக் கூடாது, தானே கண்டுபிடித்த வைத்தியம் என்று தீப்பெட்டி லேபிளில் போட்டுவிடுவாள்.

நேரம் மிச்சம் இருந்ததால் பெட்டியைத் திறந்து அரக்குப் பட்டுத் துணியை வெளியே எடுத்தேன். அது வினோதினி பிளஸ் டூ படிக்கும்போது காஞ்சிபுரத்தில் அவள் அப்பா எடுத்தது, மகள் கல்யாணத்துக்கு என்று சொல்லி எடுத்தார். அவர் போய்ச் சேர்ந்தார், கல்யாணமும் தானே நடந்தது, துணி மட்டும் நாப்தலின் உருண்டையோடு குடும்பம் நடத்துகிறது. பட்டு மடிப்பில் இற்றுவிடும். அதனால் வெட்டிவிட்டேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

அளவு யாருடையது என்று கேட்டால், குத்துமதிப்பு. ஸ்டேட்டஸ் போட்டோவில் எல்லாம் கடையில் வாங்கிய ரெடிமேட் ஜாக்கெட்தான் போடுகிறாள். தோள்பட்டை இறங்கி நிற்கிறது, கழுத்தில் துணி தொங்குகிறது. டெய்லர் மகள். தோள் அரை இஞ்ச் குறைந்திருக்கிறது, இளைத்துவிட்டாள். போன சித்திரைக்கு அப்புறம்தான் இளைத்தது. புதுக் குக்கர் வாங்கி என்ன பிரயோஜனம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ராஜகனி அக்கா கார் கடைவாசலில் நின்றது. தூத்துக்குடிப் பக்கம் பத்திரிகை வைக்கப் போகிறார்கள், நாளை இரவுதான் வருவார்களாம். முகூர்த்த ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இடது எது வலது எது என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். காரில் ஏறிய பிறகு ஏதோ நினைவு வந்த மாதிரி கண்ணாடியை இறக்கினாள்.

"ஏ செண்பகம், அந்தப் போனை மனுசன் வச்சிருப்பானா? முத ரெண்டு மூணு நாளு கோயம்புத்தூரு கோயம்புத்தூருன்னு யாரோ விடாம அடிச்சான். நூல் கம்பெனிக்காரனாத்தான் இருக்கும்னு அணைச்சுப் பீரோல போட்டுட்டேன். பாக்கி கீக்கி எதும் வச்சிருக்கியா?"

கோயம்புத்தூர் என்று பெயர் போட்டுப் பதிந்து வைத்தது நான்தான். வினோதினி என்று பதிந்தால் கண்ணில் படுகிறபோதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது என்று மாற்றினேன். ரொம்பக் கெட்டிக்காரி நான்.

கார் கிளம்பிவிட்டது. அக்கா, சாவி, பீரோச் சாவி என்று பின்னால் ஓடினேன். தெரு முனை வரைக்கும் ஓடினேன். சாவி அவள் இடுப்பில் இருக்கிறது, இடுப்பு தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பக்கத்துக் கடையில் போன் கேட்டு வாங்கினேன். வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரரின் பழைய லேண்ட்லைன் நம்பர் தெரிகிறது, காஸ் கம்பெனி நம்பர் தெரிகிறது. பெற்ற மகளின் நம்பர் தெரியவில்லை. ஒன்பதில் ஆரம்பிக்கும். எல்லாம் ஒன்பதில்தான் ஆரம்பிக்கிறது. என்னம்மா, யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். ராங் நம்பர் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பேசாமல் இருந்தவள் விடாமல் கூப்பிட்டிருக்கிறாள் என்றால் ஏதோ ஆகியிருக்கிறது. பயமாக இருக்கிறது. ஒன்றரை வருஷமாகப் போன் கையிலேயே இருந்தது. அப்போதெல்லாம் ஒரு தடவை கூப்பிட எனக்கு விரல் இல்லையா?

ஆகஸ்ட் 25, திங்கள்

தைக்கவில்லை. ராஜகனி அக்கா வீட்டு வாசலில் போய் இரண்டு முறை நின்றுவிட்டு வந்தேன். வாட்ச்மேன் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். நாளைக்கும் சாவி வரவில்லை என்றால் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிடுவது. முகவரி தெரியாது. மொட்டைமாடியில் தக்காளிச் செடி இருக்கும் வீடு என்று கேட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலையில் ஷட்டரைப் பாதி தூக்கும்போது வெளியே ஒரு ஜோடிச் செருப்புத் தெரிந்தது. ரொம்ப சீக்கிரம் வந்த கஸ்டமர் என்று நினைத்தேன். முழுதும் தூக்கினேன். தோளில் பையோடு வினோதினி நின்றாள். பஸ்ஸில் தூங்காத முகம்.

இப்படி ஒரு நாள் வந்தால் என்னென்ன பேச வேண்டும் என்று ஒன்றரை வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். கோபமாக ஒன்று, கம்பீரமாக ஒன்று, மன்னிப்பதாக ஒன்று. வாயில் வந்தது இதுதான்.

"அந்த ஜாக்கெட் யாரு தச்சது? தோளப் பாரு, எங்க கெடக்குன்னு."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்தாள். எனக்கும் வந்தது, ஆனால் ஷட்டரைப் பிடித்துக்கொண்டிருந்ததால் துடைக்க முடியவில்லை.

"நீ ஸ்டேட்டஸ் பாக்கலம்மா," என்றாள். "பத்து நாளாப் பாக்கல. மொதல்ல கோவம், இதையும் நீ நிறுத்திட்டன்னு நெனச்சேன். போன் அடிச்சா எடுக்கல. அப்புறம் சுவிட்ச் ஆஃப். யாருட்ட கேக்க முடியும் நானு? ஒருத்தரும் எங்கூடப் பேச மாட்டாங்களே."

உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். இல்லை, உனக்கு ஒன்றும் இல்லையே என்று அவள் கேட்டாள். இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு எனக்கு ஆத்திரம் வந்தது. ஊரே பார்க்கிற மாதிரி தினமும் படம் போடுகிறாயே, நான் ஒருத்தி பார்க்கவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். யார் பார்த்தார்கள் என்று அதில் பெயர் வரும் என்றாள். அது எனக்குத் தெரியாது. ஒன்றரை வருஷமாக நான் ஒளிந்து நின்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அவள் முன்னாலேயே நின்றிருக்கிறேன்.

"ஊரெல்லாம் பாக்கல," என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அது ஒனக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் வச்சிருக்கேன். அந்தத் தக்காளிச் செடி வேற யாருக்கும்மா வேணும்?"

உள்ளே போய்க் காபி போட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் பாலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பிரதீபா கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வினோதினியும் வந்தாள். சொந்தக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் இவளை வரிசையில் முதலாவதாகப் பந்திக்கு அனுப்பினேன், உடனே எல்லோருக்கும் அவள்மேல் பழைய பாசம் திரும்பிவிட்டது. கல்யாணப் பெண் இலை எடுக்கும் வரை சாப்பிட்டாள், இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கினாள். முதுகில் குஞ்சம் இல்லை என்று சென்னை அத்தைக்கு வருத்தம்.

ஆகஸ்ட் 30, சனி

ராஜகனி அக்கா காலையில் வந்து போனைக் கொடுத்தாள். நூல் கம்பெனிக்காரன் இவள்தான் என்று வினோதினியைக் காட்டினேன். அக்கா அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள். வினோதினி போனுக்குச் சார்ஜ் போட்டாள். உயிர் வந்ததும் அது டிங் டிங் என்று பத்துப் பதினைந்து நாள் தாமரைப்பூவையும் ஒரே மூச்சில் வாந்தி எடுத்தது. குரூப்புகளிலிருந்து எல்லாம் வெளியே வந்தேன். ஏன் போகிறாய் என்று யாராவது கேட்பார்கள் என்று கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன், பழக்கதோஷம்.

கோயம்புத்தூர் என்பதை வினோதினி என்று மாற்றினேன். நம்பரையும் மனப்பாடம் செய்துவிட்டேன். எட்டில் ஆரம்பிக்கிறது.

அரக்குப் பட்டு ஜாக்கெட்டைப் போட்டுக் காட்டச் சொன்னேன். தோள் சரி, கழுத்து சரி, உடம்பு சரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கை இரண்டும் பிடித்தது, ஏற மாட்டேன் என்றது. அவர்கள் வீட்டில் மாடிக்குத் தண்ணீர் ஏறாதாம், தினமும் கீழேயிருந்து குடத்தில் தூக்குகிறாளாம், செடிக்கும் சேர்த்து. அந்தப் படத்தை அவள் ஒரு நாளும் போட்டதில்லை. இளைத்துவிட்டாள் என்று நான் போனைப் பார்த்து எடுத்த அளவு அவ்வளவு லட்சணம்.

டேப்பை எடுத்தேன். கையைத் தூக்கச் சொல்லி, நேரில், தொட்டு அளந்தேன். மீதித் துணியை விரித்து முதல் கையை வெட்டினேன். அப்போது அடுக்களை ஜன்னலிலிருந்து போன் அடித்தது. அம்மா, போன் அடிக்குது, கொண்டு வரட்டுமா என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

அடிக்கட்டும் என்றேன். தாளைத் திருப்பிப் போட்டு வலது கையை வெட்டினேன்.